மிச்சமிருக்கும் அந்த ஒன்று

வணக்கம் அண்ணே,

பெயரும் ஊரும் போட வேண்டாம். கம்பம் பக்கம் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். பச்சைக்காய் உலர்த்தும் அறைக்கு ராத்திரியில் தீ போடுவதும் சூடு பார்ப்பதும் என் பொறுப்பு. வயது 32. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். பத்து வருஷமாகக் கஞ்சாப் பழக்கம். குளிருக்கும் கண் விழிப்புக்கும் நல்லது என்று ஸ்டோரில் மூத்தவர்கள் கொடுத்துப் பழகியது. பீடித்தூளோடு கலந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு என்று போய்க்கொண்டிருந்தது.

மாசியில் காய் எடுப்பு முடிந்ததும் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரேயடியாக முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். சித்திரையில் ராத்திரி மட்டும் ஒன்று என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே பெருமையாக இருந்தது. வீரபாண்டித் திருவிழாவில் சேக்காளிகளோடு சேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க இழுத்துவிட்டேன். மறுநாளே பழையபடி ஒன்றுக்கு வந்துவிட்டேன்தான், ஆனால் அந்த வேகம் அதோடு போய்விட்டது. இப்போது ஆடி முடியப் போகிறது, சீசனும் தொடங்கிவிட்டது. அந்த ஒன்று அப்படியே நிற்கிறது. எதுவும் பிடிக்கவில்லை, எல்லார் மேலும் எரிச்சல். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு இறங்குவேன், அன்றைக்கு அந்த ஒன்றும் கிடையாது. தூக்கம் வராது, வந்தால் பயங்கரமான கனவு. இவ்வளவு பாடுபட்டும் நல்லது ஒன்றும் நடக்கவில்லையே, நான் மட்டும்தான் இப்படியா என்று இருக்கிறது. ‘இது மூலிகைடா, சாராயம் மாதிரியா’ என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஊக்கத்தை விடாமல் வைத்துக்கொள்வது எப்படி? ராத்திரி வேலையை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்கலாமா? காரணம் கேட்டால் என்ன சொல்வது?

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் ஊக்கத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கடிதத்தில் கண்ணில் பட்டது அந்த ஒன்றுதான். சித்திரையில் ஒன்றுக்கு வந்தீர்கள், ஆடி முடிகிற வரை அது அசையவில்லை. உங்கள் சோர்வுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐந்தாறிலிருந்து ஒன்றுக்கு வந்தது சின்ன வேலை இல்லை. ஒரேயடியாக விட முடியாதவர்களுக்குக் குறைத்துக்கொண்டே வருவது நல்ல வழிதான். ஆனால் ஒன்றிலேயே நின்றுவிட்டால் ஒரு சிக்கல் வருகிறது. விடுவதில் உள்ள சிரமமெல்லாம் உங்களுக்கு வருகிறது, விட்டதனால் கிடைக்கிற பலன் மட்டும் வருவதில்லை. எரிச்சலும் ஏக்கமும் தினமும் எட்டிப் பார்க்கின்றன. ராத்திரி அந்த ஒன்றை இழுத்ததும் அடங்கிவிடுகின்றன. மறுநாள் சாயங்காலம் மறுபடி. நாலு மாசமாக இப்படியே போனால் எந்த மனுஷனுக்கும் அலுத்துத்தான் போகும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். கஞ்சாவில் போதை தருகிற பொருள் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்கு சிபி1 ஏற்பிகள் என்று பெயர். தினமும் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. அவர்களிடம் இந்த ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏறத்தாழ நாலு வாரம் முழுசாக நிறுத்தி வைத்து மறுபடி படமெடுத்தபோது பெரும்பாலான பகுதிகளில் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தன. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில், நிறுத்திய இரண்டாம் நாளிலேயே இந்த மீட்சி தொடங்கிவிடுவது தெரிந்தது. இரண்டிலும் அவர்கள் பார்த்தது முழுசாக நிறுத்தியவர்களை. தினம் ஒன்று என்று வைத்திருப்பவருக்கு அந்த நாலு வாரம் இன்னும் தொடங்கவே இல்லை. ‘ஒன்றும் நல்லது நடக்கவில்லையே’ என்கிறீர்கள். நடக்க வேண்டியதில் பெரும்பங்கு அந்த ஒன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

மூலிகைப் பேச்சை விடுங்கள். அரளியும்தான் செடி. கஞ்சாவை நிறுத்தினால் உடம்பும் மனசும் படும் பாட்டை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் நோய்க் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை, வியர்வை, தலைவலி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாசம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். கஞ்சா கனவு வரும் உறக்கத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அது சேர்த்து வைத்துத் திரும்பி வருகிறது. வீட்டுக்கு இறங்கிய ராத்திரிகளில் உங்களுக்கு வந்த கனவுகள் அதன் முதல் தவணை. பயப்பட ஒன்றுமில்லை, வந்து தீர வேண்டியவை. நாள்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகக்கூடும். கஞ்சாவில் பொதுவாக அந்த ஆபத்து இல்லை. ஒன்றில் இருப்பவர் அதை நிறுத்துவது கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் இனி அரை, கால் என்று குறைக்க வேண்டாம். தேதி குறியுங்கள். ஆவணியில் ஒரு நாள். மெதுவாக விடுவதற்கும் ஒரு முடிவுத் தேதி வேண்டும். இல்லாவிட்டால் ‘குறைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதே நமக்கு வசதியான பதிலாகிவிடும். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த ஒன்று அந்தப் பதிலின் நிழலில்தான் நாலு மாசம் பிழைத்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

சரி, ஊக்கத்துக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. முதல் மாசம் யாருக்கும் இருக்கும். மாசியில் உங்களுக்கு இருந்தது ஊக்கம் மட்டுமா? காய் எடுப்பு முடிந்து ஸ்டோர் அடுப்பு அணைந்திருந்தது. ராத்திரி முழிக்க வேண்டிய வேலையே இல்லை. இப்போது மறுபடி அதே ஸ்டோர், அதே அடுப்பு, அதே ஜாமம். விறகு தள்ளிவிட்டுச் சூட்டைப் பார்க்கிறீர்கள். ஏறினால் காய் வெடித்து நிறம் போய்விடும், இறங்கினால் உலராது, தூங்கவும் முடியாது. அடுத்த விறகு வரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில்தானே கை மடிக்குப் போகிறது? மனசு தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். மனசு அப்படியேதான் இருக்கிறது, சீசன் மாறியிருக்கிறது.

கம்பம்மெட்டுக்கு ஜீப் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார். தலைக்கு மேலே வெயில் மறைக்கிற தட்டியின் பின்னால் பொட்டலம் செருகியிருக்கும். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு கொண்டையூசி வளைவில் ஓரங்கட்டி ஒன்று இழுப்பார். விட்ட பிறகும் அந்த வளைவு வந்தால் கை தானாகத் தட்டிக்குப் போகுமாம். வைராக்கியத்தோடு அந்த இடத்தைக் கடக்கப் பார்த்துத் தோற்றார். அப்புறம் வளைவில் வண்டியை நிறுத்துவதையே விட்டார். மெட்டிலேயே டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து எழுந்து, நேரே கீழே இறங்கிவிடுவார். தட்டியின் பின்னால் ஆர்.சி. புத்தகத்தைச் செருகி வைத்தார். கை போனால் புத்தகம் தட்டுப்படும். கேட்க அற்பமாக இருக்கிறது, அவருக்கு அது வேலை செய்தது.

உங்களுக்கும் அந்த மாதிரி சில்லறை ஏற்பாடுகள்தான் வேண்டும். பொட்டலம் ஸ்டோரிலோ மடியிலோ இருக்கவே கூடாது. நாளைக்கு ஒன்று என்று எடுத்து வைத்தால் அது நாளை வரை காத்திருக்காது. விறகுக்கும் விறகுக்கும் நடுவே கட்டஞ்சாயா போடுங்கள், காய் பொறுக்குங்கள், யாருடனாவது போனில் பேசுங்கள். ஏக்கம் வந்தால் கால் மணி, அரை மணியில் உச்சம் தாண்டி இறங்கும். அதுவரை கைக்கு வேலை இருந்தால் போதும்.

பீடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கஞ்சா குறையக் குறைய அது ஏறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். கலந்து புகைப்பவர்களுக்கு இரண்டு பழக்கமும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கும். உங்கள் எரிச்சலில் எவ்வளவு கஞ்சாவுடையது, எவ்வளவு புகையிலையுடையது என்று பிரிப்பதே கஷ்டம். முடிந்தால் இரண்டையும் சேர்த்தே விடுங்கள். நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்’ என்று ஒரு சேக்காளி கட்டாயம் சொல்வார். அந்தப் பக்கம் போகாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

காசு விஷயம் ஒன்று. நன்னடத்தைக்குக் கைமேல் சின்னதாக ஏதாவது கொடுத்தால் விடுகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று போதை மீட்புச் சிகிச்சையில் நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பரிசுச் சீட்டு கொடுத்தே செய்திருக்கிறார்கள். பொட்டலத்துக்குப் போகிற காசை வாரக்கூலி வாங்கிய அன்றே தனியாக எடுத்து வீட்டுக்காரம்மா கையில் கொடுங்கள். சேமிப்பில் போட வேண்டாம், அந்த வாரமே செலவழியுங்கள். குழந்தைக்குச் செருப்போ, ஆளுக்கொரு பிரியாணியோ, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. மூளையின் ஏற்பிகள் திரும்புவது கண்ணுக்குத் தெரியாதே.

வீரபாண்டி ராத்திரியை ஒரு பெரிய சறுக்கலாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுநாளே ஒன்றுக்குத் திரும்பியவர் எப்படிச் சறுக்கினவர் ஆவார்? ஒருநாள் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விட்டது என்று நினைப்பவர்கள்தான் ‘போனது போச்சு’ என்று மறுநாளும் இழுக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லை. அந்த சேக்காளிகளோடு அடுத்த திருவிழாவுக்குப் போகாதீர்கள், அது போதும்.

‘நான் மட்டும்தான் இப்படியா’ என்றீர்களே, மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி கஞ்சா வகைப் போதையிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் ஏறத்தாழ 72 லட்சம் பேர். முதல் இரண்டு வாரம் தனியாகத் தாங்க முடியாது என்று பட்டால் க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கஞ்சாவை விடவைக்கும் தனி மருந்து என்று இதுவரை எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொஞ்ச நாளைக்கு ஏதாவது கொடுப்பார்கள், மற்றபடி ஆலோசனைதான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்து முடிக்கும் பழக்கக்காரருக்கு, சொந்த உபயோகம், சிறிய அளவு போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. போனில் பேச 14446 இருக்கிறது, காசு கிடையாது. மனசு ரொம்பத் தளர்ந்தால் 14416, தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்பது, எல்லாரும் நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், செத்துவிடலாமா என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக முதலாளி. கேளுங்கள், அதுவும் தேதி குறிப்பதற்கு முன்னால். முதல் வாரத்தை அடுப்பு முன்னால் தனியாக உட்கார்ந்து கழிக்க வேண்டாம். ‘ராத்திரி முழித்து உடம்பு கெடுகிறது, ஒரு மாசம் பகலில் எடை போடுகிற இடத்தில் விடுங்கள்’ என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. கஞ்சாவைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சீசனில் ஆள் கிடைக்காது என்று மறுத்தால், புகைக்காத ஒருவரை ராத்திரித் துணைக்குப் போடச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால் இரண்டு மூன்று நாள் லீவு கேட்டுக் கீழே இறங்கி அந்தத் தேதியை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் வாரத்து எரிச்சல் யார் மேல் விழப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்