தம்பி தேர்தல் வேலைக்குப் போகலாமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார், வீடியோ எடிட்டிங் நன்றாக வருகிறது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வேட்பாளரின் சமூக ஊடகக் குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு செமஸ்டரை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார். ‘கேஸ் கீஸ் ஆகிவிட்டால் என்ன செய்வது’ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள்.

வேலைக்குப் போகட்டும், செமஸ்டரை விட வேண்டாம். தேர்தல் பணி பருவ வேலை. வாக்கு எண்ணி முடிந்ததும் பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிடும். 75 சதவீத வருகைப்பதிவு போனால் தம்பிக்குத்தான் நஷ்டம். எடிட்டிங்கும் எழுத்தும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. மாலை நேரமும் விடுமுறை நாளும்தான் தர முடியும் என்று முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இது ஒளிந்து செய்கிற வேலை அல்ல. 2013 அக்டோபரிலேயே தேர்தல் ஆணையம் இதற்கு விதி வகுத்துவிட்டது. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு தரும் 26ஆம் எண் படிவத்தில் காட்ட வேண்டும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு, வீடியோ தயாரிக்கும் செலவு, குழுவில் வேலை செய்பவர்களின் சம்பளம் எல்லாமே அவர் தேர்தல் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு அந்தச் செலவின் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். அதாவது உங்கள் மகன் வாங்கப்போகும் சம்பளமும் கணக்கில் வர வேண்டிய பணம். ‘கையில் தருகிறோம், கையெழுத்தெல்லாம் எதற்கு’ என்று ஒருவர் சொன்னால், கணக்குக்கு வெளியே ஓடும் வேலைக்குத்தான் பிள்ளையைக் கூப்பிடுகிறார். அங்கே அனுப்பாதீர்கள்.

சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். யார் கொடுக்கிறார்கள், என்ன வேலை, எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். தேர்தல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 18 நடக்கவிருந்த நம் மக்களவைத் தேர்தல் இரண்டே நாள் இருக்கும்போது ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட மூன்றரை மாதத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. மாதம் முடிந்து வாங்குவதைவிட வாரம் வாரம் வாங்குவது நல்லது.

கேஸ் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில். ஒன்று, போலிப் பெயரில் கணக்கு திறந்து எதிர்வேட்பாளரைத் திட்டுவது. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவதும், சாதி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் முறைகேடுகள். இரண்டாவது, செயற்கை நுண்ணறிவால் இன்னொருவர் குரலையோ முகத்தையோ பொய்யாக உருவாக்குவது. 2024 மே மாதம் ஆணையம் சொன்னபடி, இத்தகைய பதிவு கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சி அதை நீக்க வேண்டும். நீக்கினாலும், செய்தவர் யார் என்ற கேள்வி நிற்கும். மூன்றாவது, கடைசி 48 மணி நேரம். வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மாலை 6 மணிக்கு முடிகிறதென்றால், இரண்டு நாள் முன்பு மாலை 6 மணியோடு பிரசாரம் நிற்க வேண்டும். இங்கே வேண்டுமென்று யாரும் தவறு செய்வதில்லை. முந்தின வாரமே நேரம் குறித்துவைத்த பதிவு தானாக வெளியாகிவிடும், நிறுத்த மறந்த விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். விளம்பரம் போடும்போதே முடியும் நேரத்தையும் குறித்துவிடத் தம்பி பழக வேண்டும்.

பிறகு சீருடைப் பணிக்கோ அரசு வேலைக்கோ போகும்போது போலீஸ் சரிபார்ப்பில் பழைய வழக்கு எழுந்து நிற்கும். அதனால் ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: தன் பெயரைப் போட்டுச் செய்ய முடியாத பதிவைச் செய்ய மாட்டேன்.

தொழிலில் எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. பணம் கட்டி ஃபேஸ்புக்கில் அரசியல் விளம்பரம் போட, போடுபவர் அடையாளச் சான்று காட்டி அனுமதி பெற வேண்டும். யார் பணம் கொடுத்தார் என்ற வரியும் விளம்பரத்தில் தெரிய வேண்டும். அது தவிர, மாவட்டத்தில் உள்ள ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்சான்றும் வேண்டும். வேட்பாளரோ பதிவுபெற்ற கட்சியோ விளம்பரம் வெளியாவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். நாளைக்குப் பொதுக்கூட்டம், இன்று ராத்திரி விளம்பரம் என்பது நடக்காது.

வாட்ஸ்அப்பில் புதிய சிம் போட்டு, அந்த எண்ணைச் சேமிக்காத நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினால் பலர் புகார் தட்டுவார்கள், எண் முடங்கிவிடும். அந்த ஒரே எண்ணில் எல்லாக் குழுக்களுக்கும் அட்மினாக இருந்தால், குழுக்களை நடத்த ஆளே இல்லாமல் போகும். குழுவுக்கு இரண்டு அட்மின் கட்டாயம். ஃபேஸ்புக் பக்கமும் தம்பியின் சொந்தக் கணக்கை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. முழு உரிமை உள்ள இன்னொருவர் வேண்டும், இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டிருக்க வேண்டும். வாக்காளர் செல்பேசி எண் பட்டியலை ‘எங்கிருந்தோ வாங்கினோம்’ என்று கொடுத்தால் கைவைக்கவே வேண்டாம்.

வீடியோவை 1080×1920 அளவில் செங்குத்தாக எடுத்து, தமிழ் எழுத்தையும் திரையில் ஓட விடுவது நல்லது. பஸ்ஸில் போகிறவர் சத்தத்தை அணைத்துத்தான் பார்ப்பார். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்தால் காப்புரிமைச் சிக்கலில் வீடியோ ஊமையாகலாம், போயும் போகலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு சொத்து உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகள் நிறைய. குடியாத்தம், காட்பாடியில் சித்தூர் எல்லையை ஒட்டித் தெலுங்கு. வீட்டிலோ தெருவிலோ கேட்டுப் பழகிய இன்னொரு மொழியில் ஒரு நிமிடக் குரல் பதிவை எழுதித் தரத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. தம்பிக்கு எது காதில் பழக்கமோ அதை மெருகேற்றட்டும்.

தேர்தல் இல்லாத நான்கரை ஆண்டும் இந்தக் கைத்தொழிலுக்கு வேலை உண்டு. சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம், தொழிலாளர் உரிமை பேசும் அமைப்புகளுக்கும் இதே ஆட்கள் வேண்டும். கட்சி வேலையைவிட அங்கே ஆதாரம் காட்டுவது கூடுதல். அதனால் எழுத்து நன்றாகப் பழகும். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்டில் தந்த தீர்ப்பும், 2025 ஜனவரியில் தந்த தீர்ப்பும் பொதுவில் கிடைக்கின்றன. இரண்டையும் படித்து, ‘மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை ராணிப்பேட்டை விவசாயி ஒருவருக்குப் புரியும்படி 60 விநாடி வீடியோவாகவும், ஒரு பக்கக் குறிப்பாகவும், ஐந்து வாட்ஸ்அப் செய்தியாகவும் தம்பி செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு தகவலும் தீர்ப்பின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பக்கத்தில் குறிக்கட்டும். நேர்முகத் தேர்வில் காட்ட இதுவே போதும். டிகிரி முடிந்ததும் சென்னையில் இதழியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கைகொடுக்கும்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த வாரத்தில் தம்பி செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடவுச்சொற்களையும் அட்மின் உரிமையையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததை ஒரு செய்தியாக எழுதி அனுப்பட்டும். தன் செல்பேசியில் இருக்கும் வாக்காளர் எண்களை அழிக்கட்டும். தான் செய்த வீடியோக்களில் பத்தை, அனுமதி கேட்டு எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பணிச் சான்றிதழையும் அந்த வாரத்திலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். அடுத்த மாதம் போனால் அந்த அலுவலகம் பூட்டியிருக்கும்.