துணையாறா, கிளையாறா?

அன்புள்ள ஐயா,

பேரன் ஏழாவது படிக்கிறான், இங்கிலீஷ் மீடியம். புவியியல் பாடத்தில் 'ட்ரிபியூட்டரி' என்று வருகிறது. "அப்படீன்னா என்ன ஆயா?" என்று கேட்டான். கிளையாறு என்றேன். அவன் அப்பா துணையாறு என்கிறான். கைபேசியில் தேடினால் 'கப்பம் கட்டுபவன்' என்று வருகிறது. ஆற்றுக்கும் கப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? கொள்ளிடம் இதில் எது? நம் பக்கத்து மணிமுத்தாறு?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

உங்கள் மகன் சொன்னதுதான் சரி. வந்து சேருவது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. பழைய பாடநூல்களில் துணையாற்றை உபநதி என்பார்கள். ஆனால் உங்கள் தடுமாற்றத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆற்றுப் படத்தைப் பார்த்தால் மரம் மாதிரிதான் தெரியும்: நடுவில் அடிமரம், இரு பக்கமும் கிளைகள். பவானியும் அமராவதியும் காவிரி என்ற மரத்தின் கிளைகளாகவே கண்ணில் படும். மரத்தில் நீர் அடியிலிருந்து கிளைக்குப் போகிறது, ஆற்றிலோ கிளையிலிருந்து அடிக்கு வருகிறது. படத்தை மட்டும் பார்த்து நீரின் போக்கை விட்டுவிட்டால் பெயர் மாறிப்போகும். தமிழில் கிளைத்தல் என்றால் பிரிதல்தான்.

இதைப் பேரனுக்கு விளக்க ஊர்க் கண்மாய் போதும். வரத்துக்கால் வழியே நீர் வருகிறது. கண்மாய் நிறைந்தால் மிச்ச நீர் வழியும் கலுங்கு வழியே மறுகால் பாய்கிறது. வரத்துக்கால் துணையாறு மாதிரி, மறுகால் கிளையாறு மாதிரி. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் உடனே ஒரு குறுக்குக் கேள்வி போடுவான்: மேல்கண்மாயின் மறுகால்தானே கீழ்க்கண்மாய்க்கு வரத்து, அப்போது அது எது? இரண்டும்தான். எந்தக் கண்மாயை வைத்துப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆற்றுக்கும் இதே விதி. துணை, கிளை என்பதெல்லாம் உறவுப் பெயர்கள். ஒருத்தி ஒரு வீட்டுக்கு மகள், இன்னொரு வீட்டுக்கு மருமகள் என்பதைப் போல. சிம்சா காவிரிக்குத் துணையாறு. அந்தச் சிம்சாவுக்கும் தனியே துணையாறுகள் உண்டு.

இனி கப்பம். லத்தீனில் 'ட்ரிபுஸ்' என்றால் மக்கள் கூட்டம், குலம். பழைய ரோமில் குடிமக்களை இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 'ட்ரிபுவேரே' என்றால் பங்கிட்டுக் கொடுத்தல். அதிலிருந்து 'ட்ரிபூட்டும்', வரி. 'ட்ரிபூட்டாரியுஸ்', வரி கட்டக் கடமைப்பட்டவன். நகரத்தார் கோயில்களில் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று புள்ளி வரி வாங்குவதை அறிந்த உங்களுக்கு, கூட்டத்தின் பெயரிலிருந்தே வரியின் பெயர் பிறப்பது புதிதாக இருக்காது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் சிற்றரசர்களுக்குத்தான் வழங்கியது. நம் இலக்கியத்தில் வரும் திறை கட்டும் மன்னர்களைப் போல. பிறகுதான் ஆற்றுக்கு வந்தது: பெரிய ஆறு பேரரசன், சிற்றாறு தன் நீரைத் திறையாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பங்கிட்டுப் பிரித்துக் கொடுப்பது 'டிஸ்ட்ரிபியூட்' என்பதால், கிளையாறு 'டிஸ்ட்ரிபியூட்டரி'. கோயில் கட்ட நன்கொடை கேட்கும்போது சொல்கிற 'காண்ட்ரிபியூஷன்' கூட இதே குடும்பம்.

எல்லா மொழியும் இப்படி அரசனைக் கொண்டுவருவதில்லை. மலையாளத்தில் போஷகநதி, அதாவது ஊட்டி வளர்க்கும் ஆறு. இந்தியில் சஹாயக் நதி, உதவும் ஆறு. ஜெர்மனில் பக்கத்து ஆறு. தமிழில் துணை. எனக்கு மலையாளச் சொல் ஒரு படி மேலாகத் தெரிகிறது. துணை என்றால் கூடவே வருவது என்று தொனிக்கிறது. துணையாறு கூட வருவதில்லை, கலந்து பெயரையே இழக்கிறது.

பெயரை எது இழக்க வேண்டும் என்பதற்குக் கறாரான விதி கிடையாது. நீளம், நீரளவு, நீர்பிடிப்புப் பரப்பு (மழைநீர் வடிந்து வந்து சேரும் நிலம்) என்று அளவுகோல்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வழக்கமே ஜெயிக்கிறது. இரண்டும் சேரும் பிரயாகை வரை அளந்தால் யமுனைதான் கங்கையைவிட நீளம், நீரும் அதிகம். இருந்தும் யமுனை துணையாறு. அமெரிக்காவில் மிசிசிப்பியோடு சேரும் இடத்தில் ஒகையோ ஆற்றில்தான் நீர் அதிகம், அதுவும் துணையாறுதான்.

கொள்ளிடம் கிளையாறு. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிறது. பிரிந்த இரண்டும் திருவரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணைக்கு அருகே மறுபடி நெருங்குகின்றன. அங்கே காவிரியில் மிகும் வெள்ளத்தை உள்ளாறு என்ற சிறு இணைப்பு வழியாகக் கொள்ளிடத்துக்குள் விடுவார்கள். 'காவிரி கொள்ளிடத்தில் சேருகிறதே, அப்போது காவிரி துணையாறா' என்று கேட்கத் தோன்றும். இல்லை. பிரிந்துபோன அதே நீர்தான் திரும்பச் சேருகிறது. துணையாறு என்றால் தனக்கென்று தனி நீர்பிடிப்பு வேண்டும். முல்லைப் பெரியாற்றுக்குத் தனி நீர்பிடிப்பு உண்டு, ஆனால் அது தானாக வைகைக்கு வருவதில்லை. 1895 முதல் மனிதர் வெட்டிய சுரங்கம் வழியேதான் அதன் நீர் சுருளியாற்றுக்கு வந்து வைகையில் கலக்கிறது, அதனால் பெரியாறு வைகையின் துணையாறு ஆகாது. சுருளியாறு துணையாறு.

மணிமுத்தாறு என்ற பெயரில் குழப்பம் அதிகம். திருநெல்வேலி மணிமுத்தாறு தாமிரபரணியின் துணையாறு. விருத்தாசலத்து மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேருவது. நம் சிவகங்கைப் பக்கத்து மணிமுத்தாறு இரண்டோடும் ஒட்டாதது. அதுவும் தேனாறு, பாம்பாறு, விரிசுழியாறு எல்லாமும் மழை ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடி, வழியெங்கும் கண்மாய்களை நிரப்பி, மிச்சம் இருந்தால் கிழக்கே கடல் பார்க்கும். படத்தில் ஒரே கோடாகத் தெரிவது தரையில் கண்மாய்ச் சங்கிலி. நடுவில் ஒரு வரத்துக்காலை மேடாக்கி வீடு கட்டிவிட்டால், நல்ல மழையிலும் கீழ்க்கண்மாய் காயும். கலுங்கில் மணல்மூட்டை அடுக்கினால் நீர் பின்னால் ஏறிக் கரையை உடைக்கும். பேராற்றில் வெள்ளம் வரும்போது துணையாற்றின் முகத்துவாரத்தில் நடப்பதும் இதுதான்: சேர வழியில்லாமல் நீர் எதிரேறி, அங்குள்ள வயல்களை மூழ்கடிக்கும்.

பேரனுக்கு வரைபடம் வரையச் சொன்னால், முதலில் நீர் போகும் திசைக்கு அம்பு போடச் சொல்லுங்கள். கீழ்நோக்கிப் பார்த்தபடி நிற்பதாக நினைத்து வலக்கரை, இடக்கரை குறிக்க வேண்டும். படத்தைப் பார்த்துக் குறித்தால் தப்பாகும். காவிரிக்கு ஹேமாவதி, சிம்சா, அர்க்காவதி இடக்கரையில். கபினி, பவானி, நொய்யல், அமராவதி வலக்கரையில். அம்பு இல்லாத படமாக இருந்தால், இரண்டு கோடுகள் கூடும் கூர்முனை பெரும்பாலும் கடல் பக்கம் பார்த்தால் துணையாறு, மலைப் பக்கம் பார்த்தால் கிளையாறு.