"நிபுணர் குழு சரிபார்த்தது" என்று ஒரு வரி இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் ரசாயன ஆலையை விரிவாக்கப் போகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்துவிட்டது. 'உடல்நல ஆபத்து மதிப்பீடு தனி நிபுணர் குழுவால் சரிபார்க்கப்பட்டது' என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி இருக்கிறது. நான் வேதியியல் படித்தவன் இல்லை. இதை நம்பலாமா? கூட்டத்தில் என்ன கேட்பது?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. நிபுணர்களிடம் என்ன கேட்கப்பட்டது, அவர்கள் என்ன எழுதினார்கள், அதனால் கணக்கில் எது மாறியது என்பதெல்லாம் கையில் இருந்தால்தான் பேசலாம். வேதியியல் பட்டம் இதற்குத் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு நிஜக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

2014 ஜனவரி 9-ஆம் தேதி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம். என்ற ரசாயனம் ஒரு தொட்டியிலிருந்து எல்க் ஆற்றில் கசிந்தது. சார்லஸ்டன் நகரின் குடிநீர் எடுக்கும் இடம் அதற்குச் சற்றுக் கீழேதான். சுமார் 3 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று உத்தரவு போனது. எவ்வளவு இருந்தால் குடிக்கலாம் என்று சொல்ல எந்த வரம்பும் அப்போது கிடையாது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவசரமாக ஒன்றைக் கணக்கிட்டது: 1 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

அது வந்த வழி இதுதான். தயாரிப்பு நிறுவனம் எலிகளில் செய்து வெளியிடாமல் வைத்திருந்த நான்கு வார ஆய்வு ஒன்றில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தபோது பாதிப்பு தெரியவில்லை. எலி வேறு மனிதன் வேறு என்பதற்கு 10-ஆல் வகு. மனிதர்களிலும் பலவீனமானவர்கள் உண்டு, இன்னொரு 10. தரவு குறைவு, இன்னொரு 10. ஆக 1000-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். நாளுக்கு 1 லிட்டர் குடிக்கும் 10 கிலோ குழந்தைக்குப் பொருத்தினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. அப்புறம் மாநில அரசு ஏற்பாடு செய்த ஆய்வுத் திட்டத்தின் கீழ் நச்சியல் வல்லுநர்கள் குழு ஒன்று இதே கணக்கை எடுத்துப் பார்த்தது. அடிப்படை ஆய்வை அவர்கள் மாற்றவில்லை. ஆனால் எலிகளுக்கு வாரத்தில் 5 நாள்தான் ரசாயனம் கொடுத்திருந்தார்கள். மனிதர்கள் 7 நாளும் தண்ணீர் குடிக்கிறார்களே, அதைச் சரிசெய்தார்கள். மக்கள் அந்தத் தண்ணீரில் குளிக்கவும் செய்கிறார்கள், ஆவியை மூச்சில் இழுக்கிறார்கள் என்பதற்காக அளவில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தார்கள். 10 கிலோ குழந்தைக்குப் பதிலாக, எடைக்கு ஏற்ற அளவில் பார்த்தால் எல்லோரையும் விட அதிகம் தண்ணீர் உட்கொள்ளும் புட்டிப்பால் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். விடை 120 பி.பி.பி., அதாவது லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் (1 பி.பி.எம். என்பது 1000 பி.பி.பி.). முதல் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வெளியானபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. தண்ணீர்த் தடையோ ஜனவரியிலேயே விலக்கப்பட்டிருந்தது.

இன்னொன்றும் இதில் உண்டு. குழுவைக் கூட்டிய அமைப்பு ரசாயன நிறுவனங்களுக்கும் வேலை செய்தது என்று அப்போதே ஆட்சேபம் எழுந்தது. ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனாலும் அவர்கள் தந்த எண் அரசு எண்ணைவிடக் கடுமையானது. யார் பணம் கொடுத்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் கணக்கையும் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுஆய்வு என்றாலே வரம்பு கடுமையாகும் என்றும் நினைக்க வேண்டாம். ராக்கெட் எரிபொருளில் சேரும் பெர்குளோரேட்டுக்கு, 2002-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் வரைவு குடிநீரில் 1 பி.பி.பி. என்ற அளவைச் சொன்னது. 2005-இல் தேசிய அறிவியல் அகாதெமியின் குழு, எலி ஆய்வை விட்டுவிட்டு மனிதர்களில் செய்த ஆய்வை அடிப்படையாக எடுத்தது. எண் 24.5 பி.பி.பி. ஆனது. எந்த ஆய்விலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். முதலில் அந்த 'நிபுணர் குழு' யார் என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி கொடுக்கும் முன் திட்டத்தைப் பரிசீலிக்கும் அரசின் மதிப்பீட்டுக் குழுவைச் சொல்கிறார்களா, அல்லது இந்த ரசாயனக் கணக்கை மட்டும் வரிவரியாகப் பார்த்தவர்களையா? இரண்டும் வேறு வேலை. பின்னதுதான் என்றால் பெயர், துறை, ஊதியம் கொடுத்தது யார் என்ற விவரம் வேண்டும். நிபுணர்களிடம் கொடுத்த கேள்விப் பட்டியலும் வேண்டும். பெரும்பாலோர் கேட்கத் தவறுவது இதைத்தான். 'கூட்டல் சரியா' என்று மட்டும் கேட்டிருந்தால் 'சரி' என்றுதான் பதில் வரும். குளிப்பதைச் சேர்த்தீர்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிபுணர்களின் கருத்துகளும், ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் தந்த பதிலும் சேர்ந்த ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு திருத்தம்கூடச் சொல்லாத மதிப்பாய்வைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் கணக்குக்குள் இருக்கும் ஆள் யார்? வளர்ந்த ஆணா, கைக்குழந்தையா? காற்று மட்டுமா, கிணற்று நீரும் உண்டா? ஏற்கெனவே ஓடும் ஆலையின் புகையையும் சேர்த்துக் கூட்டினார்களா, புதுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தார்களா? விரிவாக்கத் திட்டங்களில் நான் முதலில் புரட்டும் பக்கம் இதுதான். தனியாகப் பார்த்தால் வரம்புக்குள் நிற்கும் எண், பழையதோடு சேர்ந்தால் தாண்டிவிடலாம். கசிவு நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு தனியாக இருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், கணக்கு முழு அறிக்கையின் பின்னிணைப்பில்தான் கிடக்கும். மேலே சொன்ன கேள்விகளை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்திலும் அதையே படியுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை எல்லோர் முன்னும் வாசித்து, தமிழில் விளக்க வேண்டும் என்பது விதி. அதுவரை எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.