பப் கேள்வி–பதில்: 72 பைன்ட், மூன்று நாள்

கே: லண்டனில் ஒரு பழைய பப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என்ன வேண்டும் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. அலட்சியமா?
– வாசகர், கோவை

ப: வழக்கமே அதுதான். பார் கவுன்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, கையோடு எடுத்து வர வேண்டும். சாப்பாடும் வேண்டுமானால் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். யார் முன்னால் வந்தார்கள் என்பது ஊற்றுபவருக்குத் தெரியும். பணத்தை ஆட்டிக் கூப்பிட்டால் இன்னும் தாமதமாகும். நாலு பேராகப் போனால் ஒரு சுற்றுக்கு ஒருவர் எல்லாருக்கும் வாங்குவது முறை. தன் சுற்று வரும்போது நழுவுகிறவர் பெயர் கெட்டுப்போகும்.

கே: கைப்பம்பில் இழுத்துத் தந்த பீர் சில்லென்றே இல்லை. பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

ப: சில்லென்று இல்லாதது குற்றமில்லை. கைப்பம்பில் வருவது கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பதமாகும் பீர். 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், நிலவறையில் இருக்க வேண்டிய சரக்கு. ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். பீப்பாயைப் படுக்கவைத்து, மேல் அடைப்பில் மென்மையான மரக்குச்சி ஒன்றைச் செருகி மிஞ்சிய வாயுவைப் போக்குவார்கள். பொங்குவது அடங்கியதும் கெட்டிக் குச்சியால் அடைத்து, வண்டல் படியும்வரை அசைக்காமல் விடுவார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் கலங்கல்தான் வரும்.

சிக்கல் திறந்த பிறகுதான். பீர் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று புகும். ஃபிர்கின் என்னும் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). கெடுவதற்கு முன் மூன்று நாளில் தீர்க்க வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைன்ட் போயாக வேண்டும். போகாவிட்டால் முதலில் சப்பென்று ஆகும், பிறகு வினிகர் வாடை வரும். ஆளில்லாத கடையில் ஆறு பம்பு வரிசையாக நின்றால் அங்கே ஏல் கேட்காதீர்கள். புளித்திருந்தால் முதல் வாயிலேயே கொண்டுபோய்ச் சொல்லுங்கள், நல்ல கடையில் மாற்றித் தருவார்கள். பாதி குடித்துவிட்டுச் சொன்னால் எடுபடாது.

கே: பீர் சைவம்தானே?
– வாசகி, மதுரை

ப: எல்லாம் அல்ல. கேஸ்க் ஏலைத் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் சேர்ப்பதுண்டு. அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. 'வீகன்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கே: வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லாத பப்கூட மூடுகிறதே?
– வாசகர், ஹாரோ

ப: வெள்ளிக்கிழமை வரும்படி திங்கள், செவ்வாயைத் தாங்காது. கூட்டம் இல்லாத நாளிலும் நிலவறைக் குளிரூட்டி ஓடியாக வேண்டும். பப்புக்குள் புகைபிடிக்க 2007 ஜூலையில் வந்த தடையையும் சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பீரையும் எல்லாரும் சொல்வார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது 'டை' (tie) என்னும் கட்டு. கட்டடம் ஒரு கம்பெனியுடையது. நடத்துபவர் அவர்களுக்கு வாடகையும் கட்டி, பீரையும் அவர்களிடமே, பெரும்பாலும் வெளிச்சந்தையைவிடக் கூடின விலைக்கு வாங்க வேண்டும். முன்பு இந்தப் பிடி பீர் ஆலைகளிடம் இருந்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளைக் கட்டுப்படுத்த 1989-ல் அரசு ஆணை போட்டது. ஆலைகள் கைவிட்டவற்றில் ஏராளமானவை பப் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

இப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட பப்களை வைத்திருக்கும் கம்பெனியிடம், 2016 பப்ஸ் கோட் என்னும் விதித்தொகுப்பின்படி, பப் நடத்துபவர் வாடகை மறுபரிசீலனை போன்ற சமயங்களில் 'சந்தை வாடகை மட்டும் தருகிறேன், பீர் என் இஷ்டம்' என்று கேட்கலாம். ஆனால் வாடகை ஏறும். வாரத்துக்கு எத்தனை பீப்பாய் விற்கிறது என்று கணக்குப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

கே: எங்கள் தெரு பப்பை விற்கப்போகிறார்களாம். தடுக்க முடியுமா?
– வாசகர், லூயிஷம்

ப: தடுப்பது கடினம், தள்ளிப்போடலாம். 2011 லோக்கலிசம் சட்டத்தின்படி, உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்து அதைச் சமூகச் சொத்தாகப் பதிய கவுன்சிலிடம் மனுக் கொடுக்கலாம். பதிவான பிறகு உரிமையாளர் விற்க வந்தால், 6 வாரத்துக்குள் 'நாங்களும் வாங்க விரும்புகிறோம்' என்று எழுதிக் கொடுங்கள். பணம் திரட்ட 6 மாதம் கிடைக்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். லண்டன் நன்ஹெட்டின் ஐவி ஹவுஸ் பப்பை ஊரார் 2013-ல் வாங்கியது இந்த வழியில்தான்.

இன்னொன்று: கவுன்டர், ஓடு, கண்ணாடி எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்னும் பப்பை 2015-ல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே திருப்பிக் கட்ட உத்தரவானது. 2021-ல் மறுபடி திறந்தார்கள். 'இருந்தபடி' என்றால் எப்படி என்று காட்ட முன்பே எடுத்து வைத்த பதிவுகள் இருந்தன.