இலைச் சீட்டில் இருக்கிறது உங்கள் பாடத் தேர்வு

கேள்வி: நான் கோத்தகிரி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். ஊட்டியில் பி.காம். முடித்துவிட்டு, கல்விக் கடன் வாங்கிக் கோவையில் எம்.பி.ஏ. படிக்கிறேன். முதல் ஆண்டு முடியப்போகிறது. அடுத்த ஆண்டுக்கு இரண்டு சிறப்புப் பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து ஆறு விருப்பப் பாடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பாடப் பட்டியலை இணைத்திருக்கிறேன். அதில் தரக் கட்டுப்பாடு, கொள்முதல், விநியோகச் சங்கிலிப் பாடங்களை யாரும் சீண்டுவதில்லை. "நிதியும் அனலிடிக்ஸும் (தரவுப் பகுப்பாய்வு) எடு, கேம்பஸில் வேலை நிச்சயம்" என்கிறார் அண்ணன். "பெண்பிள்ளைக்கு மனிதவளம்தான் தோது" என்கிறார் அப்பா. ஹோம் ஸ்டே நடத்தும் சித்தப்பா, சுற்றுலாவுக்கு உதவுகிற மாதிரி படிக்கச் சொல்கிறார். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. மாதம் முடிந்து இலைக்குப் பணம் வரும்போது அந்த விலை எப்படி வந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புள்ளியியலில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். சில வருடம் வெளியில் வேலை பார்த்தாலும் கடைசியில் ஊருக்குத்தான் திரும்ப நினைக்கிறேன். எதை எடுப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கைக்கு, நிதியையும் உற்பத்தி மேலாண்மையையும் எடுங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். உற்பத்தி மேலாண்மை யார் வாயிலும் வரவில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி அதைத்தான் கேட்கிறது. இலைக்கு வந்த விலை எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றீர்களே, உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலைக்கு இலை கொடுக்கும்போது அப்பா வாங்கி வைத்திருக்கும் இலைச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த எடை, ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழித்த எடை, நிகர எடை என்று இருக்கும். அன்றைய விலை இருக்காது, அது பிறகுதான் வரும். தொழிற்சாலை அந்த இலையைத் தூளாக்கி, பெரும்பாலும் குன்னூர் ஏலத்தில் விற்கிறது. 1963-இல் தொடங்கிய ஏலம் அது. அங்கே கிடைக்கும் சராசரி விலையில் விவசாயிக்கு 65 சதவீதம், தொழிற்சாலைக்கு 35 சதவீதம் என்பதே பங்கீட்டுச் சூத்திரம். ஒரு கிலோ தூள் 100 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பங்கு 65 ரூபாய். அந்த ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ பச்சை இலை பிடித்திருந்தால், இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 காசு. நாலரைக் கிலோ பிடித்திருந்தால் 14 ரூபாய் 44 காசு. ஏல விலையும் மாறவில்லை, பங்கும் மாறவில்லை. ஆயினும் கிலோவுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு காணாமல் போய்விட்டது. மாதம் ஆயிரம் கிலோ கொடுக்கும் வீட்டுக்கு அது 1,800 ரூபாய்.

அந்த அரைக் கிலோ வித்தியாசம் எங்கே உண்டாகிறது? மழை நாளில் இலையில் ஏறிய நீரில், பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் முற்றிப்போன இலையில், வண்டி வரத் தாமதமாகிச் சாக்கில் சூடேறிக் கருத்த இலையில், தொழிற்சாலையில் இலையை வாட்டும் முறையில். இவற்றையெல்லாம் படிப்பாகச் சொல்லித் தருவது உற்பத்தி மேலாண்மை. தரக் கட்டுப்பாடு, கொள்முதல், விநியோகச் சங்கிலி என்று நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருக்கும் மூன்று பாடங்களும் அதற்குள்தான் வருகின்றன. அவற்றை யாரும் சீண்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சீண்டுங்கள்.

இலை கொடுத்ததற்கும் பணம் வருவதற்கும் இடையில் ஓடும் நாட்களை யார் சுமப்பது என்பது நிதிப் பாடம். உங்கள் அப்பா சுமக்கிறார். உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் கையிலிருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். தொழிற்சாலையும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் முன்பணம் போட்டுவிட்டு, ஏலத்தில் விற்ற பணம் கைக்கு வரும்வரை காத்திருக்கிறது. இதைத்தான் நடைமுறை மூலதனம் என்று முதல் ஆண்டில் நாலு சூத்திரமாகப் படித்திருப்பீர்கள். அது மலையில் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிதியில் மூன்று பாடம் என்றால், வங்கி மற்றும் நிதிச் சேவைகள், கடன் மதிப்பீடு, செலவுக் கணக்கின் மேல்நிலைப் பாடம் ஆகியவற்றைக் குறியுங்கள். டெரிவேடிவ்ஸ் (பங்கு, பொருள் விலைகளைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பங்குச் சந்தை வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவைதான். உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் ஆசை தென்படவில்லை.

அண்ணன் பாதி சரியாகச் சொல்கிறார். அனலிடிக்ஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை முழுப் பிரிவாக எடுக்க வேண்டியதில்லை. மென்பொருளை விடுமுறையில் உட்கார்ந்து நீங்களே பழகிவிடலாம், அதற்கு இலவச வகுப்புகள் நிறைய இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து வராதது புள்ளியியல் சிந்தனை. ஒரு மாத விலையை வைத்து முடிவுக்கு வரலாமா, மழையும் விலையும் சேர்ந்து அசைவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா என்பதையெல்லாம் ஓர் ஆசிரியரிடம் கேட்டு, தப்பாகப் போட்டு, திருத்தி வாங்கித்தான் கற்க முடியும். தட்டுத்தடுமாறித் தேறினேன் என்று சொல்லிவிட்டு அதிலிருந்து ஒதுங்கப் பார்க்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். வேலைக்குப் போன பிறகு அதைச் சொல்லித் தர யாருக்கும் நேரம் இருக்காது. ஆறில் ஒன்றை வேறு பிரிவிலிருந்து எடுக்க உங்கள் கல்லூரி விதி இடம் கொடுத்தால், அந்த ஒன்று முன்கணிப்பு அல்லது தரவுப் பகுப்பாய்வாக இருக்கட்டும். இடம் கொடுக்காவிட்டால் துறை அனுமதியோடு அந்த வகுப்பில் உட்காரக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் வராமல் போனாலும் பரவாயில்லை.

"கேம்பஸில் வேலை நிச்சயம்" என்ற அண்ணனின் வாக்கியத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த நிறுவனங்களின் பட்டியலைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட, கொடுத்த பதவியின் பெயர் முக்கியம். நிதி படித்தவர்களைத் தேடி வரும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பல நேரம் கொடுப்பது விற்பனை வேலை. அது தாழ்வான வேலை இல்லை. ஆனால் அதற்கு எந்தப் பிரிவு படித்திருந்தாலும் ஒன்றுதான். பட்டியலில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால், கேம்பஸுக்காகப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். மனிதவளம் பெண்களுக்கு ஏற்றது என்று நம் வீடுகளில் சொல்வது, ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, வெயிலில் அலைய வேண்டாம் என்ற அன்பில்தான். அந்த அன்பை மதியுங்கள், காரணத்தை ஏற்காதீர்கள். பிரிவுக்கு ஆண் பெண் கிடையாது. மலைத் தோட்டங்களில் மனிதவளம் என்பது தோட்டத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து தொடங்கிக் குடியிருப்பு, மருத்துவம், கூலிப் பேச்சுவார்த்தை என்று கடினமான வேலை. அதில் மனம் இருப்பவர் எடுக்கட்டும். அப்பாவிடம் வாதம் செய்ய வேண்டாம். மேலே போட்ட 16 ரூபாய், 14 ரூபாய்க் கணக்கை அவருடைய சீட்டை வைத்தே போட்டுக் காட்டுங்கள். அவருக்கு அதைவிட நல்ல விளக்கம் வேறு கிடையாது.

சித்தப்பாவுக்கு: மே 2024-இல் நீலகிரிக்கு வர இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. வார இறுதியில் கூட்டம் தானாக வரும் காலம் மாறிவருகிறது, வார நாளில் அறையை நிரப்பத் தெரிந்தவரே பிழைப்பார். அதற்குச் சேவைச் சந்தைப்படுத்தல் என்ற ஒரு பாடம் போதும். அதன் பாடத்திட்டத்தை நண்பர்களிடம் வாங்கிப் படித்து அவருக்கு உதவலாம், உங்கள் ஆறில் ஒன்றை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

கடனைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள், நான் அப்படி விட மாட்டேன். வங்கிக் கல்விக் கடன்களில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இந்த வாரமே படியுங்கள். படித்து முடித்ததும் நேரே ஊருக்குத் திரும்புவது உங்களுக்கு இப்போது கட்டுப்படியாகாது. கடன் அடையும் வரை வெளியில் இருங்கள். அந்த நாட்களில் தேடும் வேலை, உணவுப்பொருள் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவாகவோ, வங்கியின் விவசாயக் கடன் பிரிவாகவோ இருந்தால் ஊருக்கு வரும்போது கையில் ஏதாவது இருக்கும். நான் சொன்ன இரண்டு பிரிவுகளும் இந்த இரண்டு வாசலையும் திறக்கும்.

பாடங்களைவிட உங்களுக்கு அதிகம் தரப்போவது கோடைக்காலப் பயிற்சி. வகுப்புத் தோழிகள் பெங்களூருக்கு ஓடுவார்கள். நீங்கள் குன்னூரில் ஏலத் தரகு நிறுவனத்திலோ, 1965-இல் உருவான, சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வின் தொழிற்சாலை ஒன்றிலோ கேட்டுப் பாருங்கள். தரகர் தேநீரைச் சுவைத்து விலை சொல்வதை ஒரு முறை நேரில் பார்த்தால், அப்பா அனுப்பும் இலை எந்த இடத்தில் விலை இழக்கிறது என்பது புரிந்துவிடும். கடைசி செமஸ்டர் ஆய்வுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் வைத்திருக்கும் சீட்டுகளை வாங்கி, மாதவாரியாக ஏலச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும். நேர்முகத் தேர்வில் "உங்கள் ஆய்வு என்ன?" என்று கேட்டால், மனப்பாடம் செய்யாமல் அரை மணி நேரம் பேசுவீர்கள்.

படிவத்தைக் கொடுப்பதற்குள் இரண்டு விஷயத்தை விசாரியுங்கள். குறைந்தது இத்தனை பேர் சேர்ந்தால்தான் ஒரு விருப்பப் பாடம் நடக்கும் என்று பல கல்லூரிகளில் விதி உண்டு. உற்பத்தி மேலாண்மைக்கு ஆள் சேராமல் போனால் கடைசி நேரத்தில் உங்களை வேறு எதிலாவது தள்ளிவிடுவார்கள். இப்போதே துறைத் தலைவரைப் பார்த்து எண்ணிக்கையைக் கேளுங்கள், குறைந்தால் தோழிகள் இரண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார் என்பது. சீனியர்களிடம் "யார் மதிப்பெண் போடுவார்?" என்று கேட்காமல், "யார் உங்களைக் கணக்குப் போட வைத்தார்?" என்று கேளுங்கள். அந்த ஆசிரியர் நடத்துவது என் பட்டியலில் இல்லாத பாடமாக இருந்தாலும், ஆறில் ஒன்றை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம்.