லூப் போட்டும் ஒரே ஷார்ட்டில் எல்லாம் ஏன் செத்துப்போகிறது?

கேள்வி: நான்கு மாடிக்கும் சேர்த்து ஒரே லூப்பில் (பேனலிலிருந்து கிளம்பி பேனலுக்கே திரும்பும் வயர் வளையம்) அட்ரஸபிள் ஃபயர் அலாரம் (எந்த டிடெக்டர் என்று பேனலில் தனித்தனியாகக் காட்டும் வகை) போட்டிருக்கிறோம். மொட்டைமாடி ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கி வயர்கள் ஷார்ட் ஆனதும், தரைத்தளம் வரை ஒரு டிடெக்டர்கூட பேனலில் தெரியவில்லை. "லூப்தானே, ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வேலை செய்யும்" என்று சொல்லித்தான் போட்டுக்கொடுத்தார்கள். எங்கே தப்பு?

பதில்: அவர்கள் சொன்னது பாதிதான் சரி. வயர் அறுந்தால் லூப் காப்பாற்றும், பேனல் இரண்டு முனையிலிருந்தும் டிடெக்டர்களைப் பிடித்துக்கொள்ளும். ஷார்ட் அப்படியில்லை. டிடெக்டருக்குப் போகும் மின்சாரமும் தகவலும் அதே இரண்டு வயரில்தான் ஓடுகின்றன, அவை ஒட்டிக்கொண்டால் வோல்டேஜ் விழுந்துவிடும், எந்த முனையிலிருந்து கொடுத்தாலும் அதே ஷார்ட்தான் எதிரே நிற்கும்.

உங்கள் லூப்பில் ஐசோலேட்டர் (ஷார்ட் ஆன துண்டை மட்டும் லூப்பிலிருந்து வெட்டிவிடும் தானியங்கி சுவிட்ச்) இல்லை, அல்லது பேருக்கு ஒன்றிரண்டு இருக்கிறது என்றுதான் படுகிறது. பெரும்பாலான ஐசோலேட்டர்கள் வேலை செய்யும் விதம் இது: வோல்டேஜ் விழுந்ததும் எல்லாம் திறந்துகொள்ளும், அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாக அடுத்த துண்டு நன்றாக இருக்கிறதா என்று சின்ன கரண்ட் விட்டுப் பார்த்து மூடிக்கொண்டே வரும், கடைசியில் ஷார்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் மட்டும் திறந்தே நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை மட்டும்தான் போகும்.

அதனால் எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். வயரில் வரும் ஒரே பழுதால், டிடெக்டரும் கால் பாயின்ட்டும் (கையால் அழுத்தும் அலாரம் பட்டன்) சேர்த்து 32-க்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பியத் தரம் இ.என். 54-2 வைக்கும் எல்லை. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72-இல் வயர் அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் தொடர்ந்து இயங்கும் வயரிங்குக்கு கிளாஸ் எக்ஸ் என்று பெயர், வெறும் கிளாஸ் ஏ என்றால் ஷார்ட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. என்னைக் கேட்டால் 32 வரை இழுக்கவே வேண்டாம். லூப் ஒரு மாடிக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒவ்வொன்று, பேனலிலிருந்து கிளம்பும் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, மொட்டைமாடி மாதிரி தண்ணீர் படும் பகுதிக்கு முன்னும் பின்னும் கண்டிப்பாக. லூப்பிலிருந்து கிளை எடுத்திருந்தால் கிளை தொடங்கும் இடத்திலேயே ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கிளையில் விழும் ஷார்ட் லூப்பின் அந்தத் துண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒரே பைப்பில் விடாதீர்கள், ஒரே இடத்தில் எரிந்தால் இரண்டும் போய்விடும்.

ஒவ்வொரு டிடெக்டரின் பேஸிலும் (டிடெக்டரை மாட்டும் அடித்தட்டு) ஐசோலேட்டர் போட்டால் இன்னும் நல்லதுதான், ஆனால் கணக்குப் பாருங்கள். ஒன்றுக்கு 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்தால் 100-க்கு 20 ஓம், அது 1.5 சதுர மி.மீ. செம்பு கேபிளில் சுமார் 800 மீட்டர் ஓட்டத்துக்குச் சமம். லூப் ஏற்கெனவே நீளமாக இருந்தால் வோல்டேஜ் டிராப் இடிக்கும்.

வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட், ஏ.சி., தீயணைக்கும் கேஸ் வெளியீடு என்று அலாரம் அடித்ததும் பேனல் இயக்கும் அவுட்புட்களை முதலில் நிறுத்திவைத்து, கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பேஸின் பிளஸ்-மைனஸ் டெர்மினலில் ஜம்பர் வயர் வைக்க வேண்டும். பேனலில் அந்தத் துண்டு மட்டும் காணாமல் போக வேண்டும், அதே நேரத்தில் வேறு மாடியில் புகை காட்டினால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய ஸோன் பேனல் (தனி டிடெக்டரைக் காட்டாமல் எந்தப் பகுதி என்று மட்டும் காட்டும் வகை). வயர் ஷார்ட் ஆனால் ஃபால்ட் என்று காட்டாமல் தீ என்று அலறுகிறதே?

பதில்: அந்த வகையில் டிடெக்டர் அலாரத்துக்குப் போவது என்றாலே வயருக்குக் குறுக்கே சில நூறு ஓம் ரெசிஸ்டன்ஸைப் போட்டு கரண்டை ஏற்றுவதுதான். பழைய பேனல்கள் பலவற்றுக்கு அதற்கும் முழு ஷார்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பேனல் மாற்றும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸோனுக்கு ஸோன் வயர் தனி என்பதால் ஷார்ட் அந்த ஒரு ஸோனோடு நிற்கும், அதற்காகவே ஒரு ஸோனில் இரண்டு மாடியைச் சேர்க்காதீர்கள்.