உருண்டையை விடுங்கள், ரத்தம் ஏன் குறைந்தது?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிலக்கு நின்று நான்கு வருடமாகிறது. ரத்தம் குறைவு என்று ஐந்து மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். கிட்டத்தட்ட அதே சமயத்தில் மலச்சிக்கலும் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவைதான் போகிறது, அதுவும் முக்கி முக்கி. ஹோமியோபதியில் நக்ஸ் வாமிகா 30 என்ற வெள்ளை உருண்டைகளைக் கொடுத்தார்கள். நிறைய தண்ணீர் குடிக்கவும் தினமும் நடக்கவும் சொன்னார்கள். ஆறு வாரத்தில் கொஞ்சம் தேவலை. பக்கவிளைவு இல்லாத மருந்துதானே, தொடர்ந்து சாப்பிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டது உருண்டையைப் பற்றி. என் கண் நின்றது 'ரத்தம் குறைவு' என்ற இடத்தில். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நக்ஸ் வாமிகா என்பது எட்டிக்கொட்டை. அதில் ஸ்ட்ரிக்னின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஆனால் உங்கள் புட்டியில் இருக்கும் 30 என்பது, ஒரு பங்கு சாற்றை நூறு பங்காகக் கரைத்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாகக் கரைத்து, இப்படி முப்பது தடவை செய்தது. பன்னிரண்டாவது தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. அதனால் அந்த உருண்டை உங்களுக்குக் கெடுதல் செய்யாது. அதே காரணத்தால் குடலை அசைக்கவும் அதில் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதுவரை நடந்த ஆய்வுகளை அலசி 2015-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த நோயிலும் இல்லை. ஒரு எச்சரிக்கை: தாய்த்திரவம் என்று தரும், இப்படிக் கரைக்காத நக்ஸ் வாமிகாவில் நிஜமாகவே எட்டி இருக்கும். அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அப்படியானால் எனக்கு எப்படித் தேவலையானது என்று கேட்பீர்கள். தண்ணீரும் நடையும்தான் உதவியிருக்க வேண்டும். அந்த இரண்டையும் விடாதீர்கள். மலச்சிக்கல் தானாகவே சில வாரம் கூடும், சில வாரம் குறையும் என்பதும் உண்டு.

சரி, இப்போது முக்கியமான விஷயம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். உங்கள் சிக்கலுக்கு அதுவே முழுக் காரணமாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்து ரத்தம் இறங்கினால், அது எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். இரைப்பையிலோ பெருங்குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாகக் கசியலாம். மூலமோ புண்ணோ கட்டியோ, எதுவும் இருக்கலாம். மாத்திரையால் மலம் ஏற்கெனவே கறுத்திருப்பதால், ரத்தம் கலந்து கறுத்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இப்படி ஒரு அம்மா என்னிடம் வந்தார். பையிலிருந்த மருந்துகளை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு ஒரு திரவம், கடைசியில் வெள்ளை உருண்டைகள். "இதுல எதும்மா வயித்தைக் கட்டுது?" என்று கேட்டேன். உருண்டைகளைத் தவிர மூன்றுமே கட்டக்கூடியவை. மாத்திரைகளை மாற்றியதும் வயிறு சரியானது. ஆனாலும் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் குழாய் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொன்னேன். பெருங்குடலில் ஒரு பாலிப் (உள்சுவரில் வளரும் சிறு சதை) இருந்தது, அப்போதே அகற்றினார்கள். உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே இரும்பு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, சர்க்கரை, கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாக இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), கொலோனோஸ்கோபி தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் பலருக்கு உடம்பில் நன்றாகவே சேரும், வயிற்றையும் அவ்வளவாகக் கட்டாது. அதையும் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அதுவரை முக்கி அவதிப்பட வேண்டியதில்லை. லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ மலத்தில் நீரைத் தேக்கி இளக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம், பொறுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானே அசையும். அந்த நேரத்தில் போய் உட்காருங்கள், மேல்நாட்டுக் கழிப்பறையானால் பாதத்துக்கு அடியில் சிறு முக்காலி வைத்துக்கொள்ளுங்கள்.

மலத்தில் சிவப்பு ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் வாந்தி வந்தால், மலமிளக்கி எதையும் எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த உருண்டைப் புட்டியும் அதில் இருக்கட்டும்.